மூன்று ஊரில் வாசித்த கலியாண ஓலை

அவளுடைய புருஷன் இறந்துவிட்டான் என்று பதிய ஒரு படிவமும் சாட்சிக் கையெழுத்தும் போதும் என்று ஊர்ப் பதிவுகள் பார்க்கும் விதானையார் சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேல் காணாமல் போனவர்களை அப்படிப் பதியலாம் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. அவன் கிளாலிக் கடலைக் கடக்கப் படகேறிப் போய்த் திரும்பாமல் ஆறு வருஷமாகியிருந்தது.

"நாளைக்கு வாரும், முடிச்சுத் தாறன்" என்றார் விதானையார். மரணச் சான்றிதழ் கைக்கு வந்தால் நான் அவளைக் கலியாணம் செய்யலாம்.

அப்போது நான் ஜெயபுரத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நெடுங்கேணியில் மரம் அரிந்தேன், வவுனியாவில் மூட்டை சுமந்தேன், பிறகு கிணறு. ஒரு இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. ஜெயபுரத்தில் இரண்டு வருஷம் இருந்ததற்கு அவள்தான் காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஏழு வயது மகளோடு ஒரு கொட்டிலில் இருந்து இடியப்பம் அவித்து விற்றாள். நான் காலைச் சாப்பாட்டுக்குப் போகத் தொடங்கி, பிறகு விறகு கொத்திக் கொடுக்கத் தொடங்கி, பிறகு ஊர் கதைக்கத் தொடங்கியது. கோயிலில் கைபிடிக்காமல் என்னோடு வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இருவரும் கத்தோலிக்கர்தான். நான் பெயருக்கு.

கோயில் என்றால் கிடுகுக் கொட்டில். பாதர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் சொல்வார். கலியாணத்துக்கு அவர் கடிதம் கொடுக்க வேண்டும்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட. ஆனால் நிவாரண ஆட்கள் முதல் விதானையார் வரை அவரைக் கண்டால் வேறு வழியால் போவார்கள். இரண்டு நிவாரண அட்டை எடுப்பதற்காகப் பிரிந்து வாழ்கிறோம் என்று பதிந்த தம்பதிகளை வீடு வீடாகப் போய் ஏசுவார். "நீங்கள் இண்டைக்கு அரிசிக்காகப் பிரிஞ்சதெண்டு எழுதிறியள். நாளைக்கு வீட்டிலை சண்டை வந்தா புருஷன் அதைத்தான் எடுத்துக் காட்டுவான்." சொன்னபடி ஒரு வீட்டில் நடந்தது. பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் ஊசி பற்றிக் கூட்டம் வைத்தபோது பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பி, "புருஷன்மாரையும் கூப்பிடுங்கோ. பொம்பிளையளை மட்டும் இருத்தி வைச்சு என்ன குடும்பக் கதை?" என்று கேட்டார். ஊசியே கூடாது என்பதும் அவருடைய கட்சி. அதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. ஐந்து பிள்ளைகளோடு தறப்பாளுக்குக் கீழே மாரி கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் விதானையார் சொன்னதைச் சொன்னதும் உபதேசியார் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"கடதாசி ஒருத்தனைச் சாக்காட்டாது, தம்பி. அவன் செத்ததை ஆர் கண்டது?"

"ஆறு வருஷம், உபதேசியார்."

"ஆறு வருஷம் காணேல்லை எண்டுதானே சொல்லுறீர். செத்தவன் எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை. சட்டத்துக்கு அவசரம். கலியாணத்துக்கு என்ன அவசரம்?"

"எனக்கு அவசரம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கடிதம் தரவில்லை.

எங்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் இன்னாரை முடிக்கப்போகிறார், தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று. பெண்ணின் சொந்தக் கோயிலிலும் வாசிக்க வேண்டும். அவளுடைய ஊரில் இப்போது இராணுவம் இருந்தது. அந்த ஊர்ச் சனம் ஜெயபுரத்திலும் அக்கராயனிலும் முள்ளியவளையிலும் சிதறிக் கிடந்தது. உபதேசியார் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவு சொன்னார். மூன்று ஞாயிறும் மூன்று இடத்தில் வாசிப்பார். தடை இருக்கிறதா என்று கேட்பார், அவன் செத்ததைக் கண்டவர் உண்டா என்றும் கேட்பார்.

"எப்பிடிப் போவியள்?"

"உம்மடை சைக்கிளிலைதான்."

அவருக்குக் குடலிறக்கம். மிதிக்கக் கூடாது. ஆகவே என் கலியாணத்துக்குக் கடிதம் தராத மனுசனை நானே கரியரில் வைத்து மிதித்தேன். முதல் ஞாயிறு ஜெயபுரத்திலும் அடுத்த ஞாயிறு அக்கராயனிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முள்ளியவளைக்கு வெளிக்கிட்டோம். மணலில் நான் இறங்கித் தள்ள, அவர் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தார். "நீரும் சொல்லுமன், பாரம் தெரியாது" என்றார். "நீங்கள் திரும்ப ஏறாட்டிப் பாரம் தெரியாது" என்றேன்.

முள்ளியவளையில் அவளுடைய மாமியார் இருந்தா. காணாமல் போனவனின் தாய். இடம்பெயர்ந்தபோது தன் தமையன் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டவ. ஆட்கள் போகும்போது இவள் அரிசியும் கடிதமும் கொடுத்துவிடுவாள். ஞாயிறு காலை ஓலை வாசித்து முடிந்ததும் அந்த அம்மா எழும்பி நின்றா.

"தடை இருக்கு."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உபதேசியார் ஒன்றும் கேட்காமல் செபத்தை முடித்தார். பிறகு வெளியே பாலை மரத்தடியில் அவவை இருத்தி, தானும் நிலத்தில் இருந்தார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இவனோ ஆள்?" என்றா அவ. "கிணறு வெட்டுறவனாம். தண்ணி வந்தா அடுத்த ஊருக்குப் போயிடுவான்."

"தடை என்னெண்டு சொல்லுங்கோ அம்மா."

"விதானைமார் பதிவு எழுதுகினமாம் எண்டு கேள்விப்பட்டனான். என்ரை பிள்ளை செத்தவன் எண்டு எழுதேக்கை என்னட்டை ஒருத்தரும் கேக்க மாட்டினமோ?"

"அதுக்குத்தான் வந்தனான். இவர் எழுதேல்லை. நான் விடேல்லை."

அவ திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தா. கோயில் சனம் எல்லாம் கலைந்துவிட்டது.

"படகோட்டினவன் நீந்தித் தப்பினவன்" என்றா கடைசியில். "என்ரை பிள்ளை தண்ணிக்குள்ளை தாண்டு செத்ததைக் கண்ணாலை கண்டவன். அந்தக் கிழமையே வந்து சொன்னவன். நான் அவளுக்குச் சொல்லேல்லை."

எனக்கு ஆத்திரம் வாய்க்கு வந்தது. ஆறு வருஷமாக அவள் படலைச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"சொன்னா அவள் வேறை முடிச்சுப் போயிடுவாள். பேத்தியும் போயிடும். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?"

உபதேசியார் அவவை ஏசுவார் என்று பார்த்தேன். அட்டைப் பொய்க்கு வீடு வீடாக ஏசியவர். அவர் அவவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, தடை இதுதான். கேட்டீரோ?"

"இது தடையோ?"

"அவவுக்குத் தடை. கலியாணம் எண்டா அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போறதில்லை. இவவையும் வைச்சிருப்பீரோ? இல்லையெண்டா இப்பவே சொல்லும். கடிதம் நான் எழுதித்தான் தருவன், செத்தது தெரிஞ்சிட்டுது. ஆனா இதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டுப் போம்."

நான் அதுவரை ஒருவரையும் வைத்திருந்ததில்லை. என்னையே நான் சரியாக வைத்திருந்ததில்லை. அந்தக் கேள்வியை விதானையாரின் படிவம் கேட்டிருக்காது. உபதேசியார் கேட்டது நல்லது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"ஒரு கரியர்தான் இருக்கு" என்றேன்.

"நான் உழவு இயந்திரத்திலை வாறன்" என்றார் உபதேசியார்.

மாமி ஒரு பையும் ஒரு சட்டியும் கொண்டு கரியரில் ஏறினா. வழி முழுக்க நான் மிதிக்கிற விதம் பிழை என்று சொல்லிக்கொண்டு வந்தா. ஜெயபுரத்தில் இறங்கி, படகோட்டி சொன்னதை மருமகளுக்குத் தானே சொன்னா. அவள் அழுதாள். மூன்று நாள் மாமியோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் இடியப்ப உரலை மாமிதான் பிழிந்துகொண்டிருந்தா. மரணப் பதிவில் முதல் கையெழுத்தும் மாமியுடையது. அடுத்த மாதம் பாதர் வந்து எங்களுக்குக் கலியாணம் செய்துவைத்தார்.

அதன் பிறகு குடும்ப அட்டையில் மாமியைச் சேர்க்கப் போனோம். விதானையார் பேனையை வைத்துவிட்டார்.

"இவ உமக்கு என்ன முறை? மனுசியின்ரை முதல் புருஷன்ரை தாய்க்கு இதிலை கட்டம் இல்லை."

"அப்ப கீறுங்கோவன் ஒண்டு" என்றா மாமி.

"தாய் எண்டு எழுதுங்கோ" என்றார் உபதேசியார்.

விதானையார் இதற்காகவே எத்தனையோ வருஷம் காத்திருந்தவர் போலக் கதிரையில் சாய்ந்தார். "அட! அட்டையிலை பொய் எழுதக் கூடாதெண்டு ஊரெல்லாம் ஏசினது ஆர்?"

உபதேசியாரின் முகம் சிவந்தது. பிறகு மெதுவாக, "பொய்யோ எண்டு அவரைக் கேளுங்கோ" என்றார்.

விதானையார் என் பக்கம் திரும்பினார். மாமி என்னைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தா, நான் அதில் ஏறிப் போய்விடுவேனோ என்பது போல.

"எழுதுங்கோ" என்றேன்.