பேர் தெரியாத சாமான் பெட்டி

வாட்ச் ரிப்பேர்க்காரன் ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்க்கிறவன். இரண்டு கண்ணால் பார்த்தும் எனக்குப் பெரிதாக ஒன்றும் விளங்கியதில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் வாட்ச்சுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவன், மூடப்போன ஒரு கடிகாரக் கடையின் பழைய சாமான் பெட்டியை வாங்கினேன். பாதிக்கு மேல் எனக்குப் பேர் தெரியாது. தெரியாத சாமானை ஆசையாக வாங்கிவிட்டு முழித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எட்டு

எட்டு மாதிரி வளைந்த பித்தளைச் சாமான் ஒன்று. வாட்ச்சுக்கு உள்ளே ஆடுகிற சக்கரம் கோணலாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்கானதாம், பிற்பாடுதான் தெரிந்தது. அச்சரப்பாக்கத்து உரக்கடைக்காரர் "இது இன்னாது?" என்று கேட்டபோது, "வாட்ச் முள்ளைத் தூக்குறது" என்று சொல்லிவிட்டேன். அவர் வாட்சிலேயே செய்தும் காட்டினேன். பெரிய முள் தெறித்து ரோட்டில் விழுந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன். வளைந்துபோயிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சொன்ன மாதிரியே தூக்கிடுச்சிபா."

ஓட்டைப் பெட்டி

நடுவில் ஓட்டை போட்ட கறுப்புப் பெட்டி மேல் கொஞ்ச நாள் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தேன். போட்டோ எடுத்து அனுப்பியதில், மதுராந்தகத்து மெக்கானிக் நண்பர், "வாட்ச்ல காந்தம் ஏறுனா வேகமா ஓடும். அத எறக்குற மெஷின்யா" என்றார். தாம்பரத்தில் வேலை பார்க்கும் செல்வியின் சாவி வாட்ச் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பெருமையாகக் காந்தத்தை இறக்கிக் கொடுத்தேன். மறு வாரம் கோபமாக வந்தாள்.

"அண்ணா, இப்ப டைம் சரியா கீது, டெய்லி ட்ரெய்ன வுட்டுட்றேன். பழையபடி பண்ணிக் குடுங்க."

கைப்பிடி

கோவளத்து காதர் பாய்க்குக் கண் தெரியாது. சுவர்க்கடிகாரம் அடிக்கிற மணியை வைத்துத்தான் சாப்பாடு, மாத்திரை எல்லாம். அது நின்றதும் அவர் மனைவி நூர்ஜஹான் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார். "ராத்திரி பகல் தெரியாம முழிச்சிகினே கீறாரு தம்பி" என்றார். உள்ளே சுருள்வில் அழுக்கேறிச் சிக்கியிருந்தது. வெறுங்கையால் எடுத்தேன். படாரென்று விரிந்து கன்னத்தைக் கிழித்தது. தையல் போட்டார்கள்.

"கைப்பிடியும் கொக்கியும் வெச்ச சாமான் இருக்குமே, வில்லைச் சுருட்ட அதுதான்" என்றார் போனில் மதுராந்தகத்து நண்பர். இருந்தது. தூண்டில் கயிறு சுற்றுகிற ராட்டினம் என்று நானே முடிவு செய்து, கோவளத்து மீன்காரர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு கோவளம் போனேன். மீன்காரர் படகிலிருந்து அதை வாங்கி, பாய் வீட்டிலேயே உட்கார்ந்து வில்லைப் பூட்டினேன். மணி அடித்தது. என் காயத்தை நூர்ஜஹான் பாயிடம் சொன்னார். பாய் கையை நீட்டி என் கன்னத்துத் துணிக்கட்டைத் தடவினார்.

"கடியாரம் ரெடியாயிடுச்சி தம்பி. நீ எப்போ ரெடியாவ?"

பெட்டியில் மிச்சமிருக்கும் சாமான்கள் எதற்கென்று இன்னும் தெரியவில்லை என்றாலும், அவை எதற்கு இல்லை என்பதில் இந்த மாவட்டத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது.