மாவில் போட்ட பாதங்கள்

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் அம்மாவும் நானும் ரும்பா ஆடும்போது நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். கடலைக்காட்டில் மண்வெட்டி பிடிக்கிறவருக்கு இந்த லத்தீன் ஆட்டம் எதற்கு என்று பெரியவள் ஒருமுறை கேட்டாள். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. பயந்துபோய்க் கற்றுக்கொண்டேன்.

உங்களுக்கெல்லாம் முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்தது. அதைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அம்மா பேச்சை விட்டுவிட்டாள். சமைப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், என் முகத்தைப் பார்க்கமாட்டாள். நாலு மாதம் இப்படி. அவள் கிணற்றுப் பக்கம் போனால் நானும் பின்னாலேயே போவேன்.

அவள் பினாங்கில் வளர்ந்தவள். அண்ணன்மாரோடு ரும்பா ஆடியவள். கல்யாணமாகி ஆலங்குடிப் பக்கம் வந்தபோது கூடவே ஒரு கிராமபோனும் வந்தது. வந்த புதிதில் ஒருநாள் ஆடலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஊரு சிரிக்கும்" என்று உதறிவிட்டேன். அந்த உதறல்தான் இப்போது நினைவுக்கு வந்து வந்து குத்தியது.

இசைத்தட்டின் உறையில், கால் வைக்கும் இடங்களைப் பாதங்களாக வரைந்திருந்தார்கள். அவள் தொழுவத்தில் இருந்த நேரம் பார்த்து, அரிசி மாவைக் கரைத்து அதேபோல் கூடத்தில் போட்டேன். காய்ந்ததும் மிதித்துப் பழகினேன். கால் பின்னிக்கொண்டதே தவிர ஆட்டம் வரவில்லை.

மோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டார். அவர் இந்து. "பாவம், புள்ளை வரம் கேட்டுக் கண்ணன் பாதம் போட்டிருக்காக" என்று நல்லெண்ணத்தோடு நாலு பேரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் எங்கள் மாதா கோயில் உபதேசியார் வந்து நின்றார்.

"என்னப்பா, நம்ம வேதத்துல இருந்துக்கிட்டு வீட்டுக்குள்ள கண்ணன் பாதமா?"

"கண்ணன் பாதம்னா வாசல்லேர்ந்து உள்ள வருமுங்க. இது நின்ன எடத்துலயே சுத்துது பாருங்க. லத்தீன் ஆட்டமுங்க."

"லத்தீன்ல பூசை கேட்டிருக்கேன். ஆட்டம் வேறயா? அதுவும் தவக்காலத்துல! எங்க, ஆடு பாப்போம்."

வியர்த்து ஊற்ற, அவர் முன்னால் இடது காலை முன்னே வைத்தேன். அடுத்ததும் இடதுதான் நகர்ந்தது.

"இப்ப வலது காலுங்க."

அடுக்களை வாசலில் அம்மா நின்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல். உபதேசியாரும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் போகும்போது, "தப்பு தப்புதான். ஈஸ்டர் தேர் வடத்துல இந்த வருஷம் கை வைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகும் அவள் பேசவில்லை. ஈஸ்டர் அன்று எங்கள் வீட்டைத் தாண்டித் தேர் போனது. எங்கள் வீட்டு ஆண்கள் வடம் பிடிக்காத வருஷமே கிடையாது. நான் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். இழுத்தவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"என்னாலதானே" என்றாள் பக்கத்தில் வந்து நின்ற அம்மா.

நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. உள்ளே போய் ஈரத்துணி எடுத்துவந்து, கூடத்தில் இன்னும் அழியாமல் கிடந்த பாதங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"இது ஆம்பளை காலு மட்டுந்தான். எனக்கு வேற போடணும். மாவு கரைங்க" என்றாள்.