மேட்டில் பிடுங்கிய காற்று

ஏழைக் குழந்தைகளின் இதய ஆபரேஷனுக்கு நிதி திரட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு எலக்ட்ரீஷியனும் அவன் நண்பனான பேக்கரிக்காரனும் சேர்ந்தே பெயர் கொடுத்திருந்தார்கள். பேக்கரிக்காரனின் தொப்பை சட்டைப் பொத்தானோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும். பயிற்சியில் எலக்ட்ரீஷியன்தான் முன்னால் போவான். போய் நின்றுகொண்டு, "என்ன தொப்பையாரே, மூச்சு இருக்கா?" என்று கிண்டலடிப்பான்.

அன்று காலை, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டில் பேக்கரிக்காரன் அவனைத் தாண்டிவிட்டான். பதிலுக்குக் கேலிகூடச் செய்யாமல், தலையைக் குனிந்தபடி மிதித்துக்கொண்டே போனான். எலக்ட்ரீஷியனுக்கு வயிறு எரிந்தது. சட்டென்று இறங்கி, தன் பின் சக்கரத்து வால்வு மூடியைக் கழற்றி, வால்வை நகத்தால் அழுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்டு, "பஞ்சர்டா!" என்று கத்தினான்.

உச்சியை எட்டப்போனவன் திரும்பி இறங்கி வந்தான். வியர்வை சொட்டச் சொட்ட மண்டியிட்டு, டயரைத் தடவித் தடவி முள் தேடினான்.

"ஒண்ணுமே குத்தலையே! சரி விடு, காத்தடிச்சுப் பார்ப்போம்."

தன் பம்பை எடுத்து முகம் சிவக்கச் சிவக்க அடித்தான். டயர் கல்லாட்டம் இறுகியது. பிறகு கையை நீட்டினான்.

"அந்த வால்வு மூடியக் குடு."

எலக்ட்ரீஷியன் உள்ளங்கையை விரித்தான். மூடி அங்கேதான் இருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான்தான்டா..." என்று இழுத்தான்.

"தெரியுது. ஏறு, வெயில் வந்துடும்."

எலக்ட்ரீஷியன் ஏறி மிதித்தான். முன்னால் போகும் அந்த அகன்ற முதுகை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாமல், மேடு முடியும்வரை தன் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனான்.