திருப்பிக் கொடுக்க வேண்டிய பந்து

விதிப்புத்தகத்தில் எழுதாமல் விட்ட சமாச்சாரங்கள்தான் எனக்கு எப்போதும் தலைவலி. ஆஃப்சைடு என்று யாராவது கத்தினால் பக்கத்தைப் புரட்டிக் காட்டி வாயை அடைத்துவிடுவேன். ஆனால் ஒருத்தி அடிபட்டு விழுந்துவிட்டாள், எதிரணி இரக்கப்பட்டுப் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைக்கிறது என்று வையுங்கள். அடுத்து, அடிபட்டவள் அணியிலிருந்து எறிகிறவள் அந்தப் பந்தை எதிரணிக்கே கொடுத்துவிட வேண்டும். கால்பந்து ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது, ஆனால் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. கொடுக்காவிட்டால் நடுவர் என்ன செய்வது? விசிலைக் கடித்துக்கொண்டு நிற்கலாம், அவ்வளவுதான்.

நான் சேலத்தில் உடற்கல்வி ஆசிரியை, அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறேன். கூப்பிட்ட ஊருக்கெல்லாம் நடுவராகப் போய்வருவேன். கோபக்காரி என்று பெயர், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அன்று சேந்தமங்கலத்தில் பெண்கள் போட்டி. உள்ளூர் அணியும் குமாரபாளையம் அணியும் மோதின. ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும்.

ஆட்டம் தொடங்கும் முன் ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். தறி ஓட்டுகிறவர் என்று தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சே சொன்னது. குமாரபாளையம் கோல்கீப்பரின் தாய்.

"மிஸ்ஸுங்க, ஒரு வார்த்த கேக்கோணுமுங்க. இன்னிக்கு செயிச்சா காலேசுல வெளையாட்டுக் கோட்டாவுல எடங் கெடைக்கும்னு பாப்பா சொல்லுதுங்க. நெசமுங்களா?"

"மாநிலப் போட்டிக்குப் போனா சர்டிபிகேட் வருமுங்க. அத வச்சுக் கேக்கலாம்."

"கெடைக்கலீன்னா ஆவணில கண்ணாலம்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாருங்க. மாப்ள ஊட்ல வந்து பாத்துட்டும் போயிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நடுவரிடம் வந்து சொல்கிற விஷயமா இது? "அக்கட்டப் போயி உக்காருங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் கம்பி வேலியோரம் போய் உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் பார்க்கிற முதல் கால்பந்து ஆட்டம் அது.

ஆட்டம் முடியப் போகிற நேரம், ஆளுக்கொரு கோல். குமாரபாளையம் பெண் ஒருத்தி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நிறுத்துகிற அளவுக்கு அடியில்லை என்று நான் விசில் ஊதவில்லை. பந்து சேந்தமங்கலத்துப் பெண்ணிடம் இருந்தது. எதிரே கோல் திறந்து கிடந்தது. போயிருக்கலாம். அவள் நின்று, விழுந்தவளைப் பார்த்துவிட்டு, பந்தை வெளியே உதைத்தாள். என் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

விழுந்தவளுக்குப் பதிலாக ஒரு புதுப்பெண் இறங்கினாள். கபடி ஆடிக்கொண்டிருந்தவளை, ஆள் போதவில்லை என்று இழுத்து வந்து பூட்ஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். கபடியில் எதிராளி அசந்தால் பாய வேண்டும், அதுதான் அவள் படித்த பாடம். குமாரபாளையம் கேப்டன் வழக்கப்படி பந்தை எதிரணிப் பக்கம் எறிந்தாள். எதிரணி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. கபடிக்காரி பாய்ந்தாள், ஓடினாள், கோல் போட்டாள். போட்டுவிட்டுக் குதித்தாள் பாருங்கள், ஒருத்தியும் கூடக் குதிக்கவில்லை.

"மிஸ், இது அநியாயமுங்க!" என்று சேந்தமங்கலம் மொத்தமும் என்னைச் சூழ்ந்தது. அநியாயம்தான். ஆனால் விதிப்படி அது கோல். மைய வட்டத்தைக் கை காட்டினேன்.

அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக வந்த கோலுக்கு ஈடாக, எதிரணியை ஒரு கோல் போட விட்டுவிடுவது. குமாரபாளையம் கேப்டன் நல்ல பெண். "யாரும் மறிக்காதீங்கடி! அவங்க ஒண்ணு போட்டுக்கட்டும்" என்று கத்தினாள். எல்லோரும் ஒதுங்கினார்கள். பந்தை வெளியே உதைத்தாளே, அதே பெண் உருட்டிக்கொண்டு வந்தாள். ஓடக்கூட இல்லை, நடந்துதான் வந்தாள். கோல் முன்னால் நின்று, மெதுவாக ஒரு தட்டு தட்டினாள்.

கோல்கீப்பர் விழுந்து பிடித்துவிட்டாள்.

பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்ணில் கிடந்தாள், எழுந்திருக்கவில்லை. "உடுடீ! உடுன்னு சொன்னனில்ல!" என்று கேப்டன் அழுதாள். கோல்கீப்பர் மாட்டேன் என்று தலையைத் தலையை ஆட்டினாள். நான் பக்கத்தில் போனேன்.

"மிஸ், நான் உட்டே ஆகோணும்னு ரூல்ஸ் இருக்குதுங்களா?"

"இல்ல சாமி" என்றேன். வேறு என்ன சொல்ல? எழுந்து பந்தைத் தூர உதைத்தாள். சற்று நேரத்தில் நான் கடைசி விசில் ஊதினேன். குமாரபாளையம் ஜெயித்தது.

கை குலுக்க வரிசையாக நின்றார்கள். சேந்தமங்கலத்துப் பெண்கள் கபடிக்காரிக்குக்கூடக் கை கொடுத்தார்கள், பாவம் தெரியாமல் செய்தாள் என்று. கோல்கீப்பரிடம் வந்ததும் ஒவ்வொருத்தியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடந்து போனாள். அவள் அணிப் பெண்களும் அவளை விட்டுத் தள்ளிப் போய் நின்றார்கள். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அவள் நின்றாள்.

வேலியோரத்தில் மட்டும் யாரோ கைதட்டுகிற ஓசை கேட்டது. அந்த அம்மா தட்டிக்கொண்டே ஓடி வந்தார். முந்தானையால் மகள் முகத்து மண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் எந்தக் கோப்பை வாங்கியவர் முகத்திலும் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா மிஸ்ஸு? அத்தன பேரும் கைய உட்டுட்டு நின்னுட்டாங்க. எம்புள்ள ஒருத்திதானுங்க உடல."

"அம்மா, பேசாம இரும்மா" என்று அந்தப் பெண் தாயின் வாயைப் பொத்தினாள். அவள் கண்கள் என்னிடம் கெஞ்சின.

"ஆமாங்க" என்றேன். "அவ ஒருத்திதான் உடல."