மூக்கின் மேல் ஒரு கட்டம்

இரண்டு வாரமாக இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், ஒரு மூக்கு.

போன மாதக் கடைசியில் எங்கள் மேனேஜர் ரிட்டயர் ஆனார். சந்தன மாலை, பொன்னாடை, வடை... இதெல்லாம் எல்லா ஆபீஸிலும் நடப்பது. எங்களிடம்தான் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதே, சும்மா விடுவோமா? அதன் திரையில் மேனேஜரின் முகத்தை வரவழைப்பது என்று முடிவானது.

படம் போடும் வேலை என் தலையில். வாராவாரம் எழுதுகிறவனுக்குப் படமும் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பச்சைமலையில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். யாரை என்று மேனேஜர்தான் போகும்முன் சொல்லிவிட்டுப் போவார். அடிபட்ட பெயர்கள் இரண்டு — நான், ஆரோக்கியசாமி. என் மனைவிக்கு உறையூரில் டீச்சர் வேலை. மலைக்கு எப்போதாவது ஒரு பஸ். படம் நன்றாக அமைந்தால் மேனேஜர் மனம் குளிர்ந்து என்னை விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

கம்ப்யூட்டருக்குப் படம் வரைவது மகா சுலபம். கிராஃப் பேப்பரில் குறுக்கே முப்பத்திரண்டு கட்டம், நெடுக்கே முப்பத்திரண்டு. கட்டத்தை நிரப்பினால் திரையில் பச்சைப் புள்ளி எரியும்; விட்டால் இருட்டு. பாதிக் கட்டம் என்ற பேச்சே கிடையாது. மேனேஜரின் உருண்டைக் கன்னம் மலைக்கோட்டைப் படிக்கட்டு மாதிரி வந்தது. உதட்டின் இரண்டு ஓரத்தையும் ஒரு கட்டம் மேலே ஏற்றினேன் — சிரித்தார். ஆபீஸில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. இறக்கி நேர்கோடாக்கியதும், "சாரேதாங்க" என்றார்கள்.

நாமம்தான் படுத்திவிட்டது. மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர், தென்கலை. தென்கலை நாமத்துக்குப் பாதம் உண்டு, மூக்கின் மேல் இறங்கும். வடகலை நாமத்துக்குப் பாதம் இல்லை. இதற்காகக் கோர்ட்வரை போனவர்கள் உண்டு. என்னிடமோ அந்த இடத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம். மூக்குக் கண்ணாடியின் இரண்டு வட்டத்துக்கும் நடுவே அதை நிரப்பினேன். பரம்பரையின் மானம் காப்பாற்றப்பட்டது.

பேப்பரை ஆரோக்கியசாமியிடம் கொடுத்தேன். மேலப்புதூர்க்காரர், ஞாயிறு பூசை தவறாதவர், கம்ப்யூட்டர் ட்ரெயினிங் போய்வந்த ஒரே ஆள். ஏசி ரூமுக்குள் அவர் மட்டும்தான் போகலாம், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. நமக்கெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று தரிசனம்தான்.

விழா நாள். கண்ணாடிக்கு அப்பால் கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை விலக்கியதும் பச்சை வெளிச்சத்தில் மேனேஜர், அதே சிரிக்காத வாயோடு. பலத்த கைதட்டல். முதல் வரிசையில் இருந்த அவர் மனைவி மட்டும் உற்றுப் பார்த்தார்.

"ஏன்னா, இது நம்மாத்து நாமம் இல்லையே?"

கைதட்டல் நின்றது. மூக்கின் மேல் இருட்டு. ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதரை ஊரைக் கூட்டி வடகலை ஆக்கியிருந்தோம்.

ஆரோக்கியசாமியை ஓரமாக இழுத்துப் போனேன். "அந்தக் கட்டம் எங்கங்க?"

"எடுத்துட்டேன் சார். மூக்குல தனியா தொங்கிட்டிருந்துச்சு. கை தவறி வெச்சுட்டீங்க போல, உங்க பேர் கெட்டுடக் கூடாதேன்னுதான்..."

என் பேர்மேல் எவ்வளவு அக்கறை, பாருங்கள். அந்த முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

விழா முடிந்ததும் மேனேஜரிடம் ஓடினேன். "சார், நான் பாதம் போட்டுத்தான் குடுத்தேன். ஆரோக்கியசாமி எடுத்துட்டார்."

"அவர் சர்ச்சுக்குப் போறவர் ஓய். அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேனேஜர், குரலை உயர்த்தாமல். "உமக்குத் தெரியுமோல்லியோ? ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கப்படாதோ? அவர் இங்கேயே இருக்கட்டும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்க ஆள் வேணும். நீர் பச்சைமலைக்குக் கிளம்பும்."

தெரியாதவனுக்கு மன்னிப்பு, தெரிந்தவனுக்கு மரவள்ளிக் கிழங்கு. இங்கே மூன்று வேளையும் அதுதான் கிடைக்கிறது. என் மனைவியைப் பார்த்து இரண்டு வாரம் ஆகிறது. கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆரோக்கியசாமி போன் செய்தார். அந்தக் கட்டத்தை மறுநாளே திரும்ப வைத்துவிட்டாராம், ஒரே ஒரு பட்டனைத் தட்டினால் போதுமாம்.

என்னைத் திரும்ப வைக்க எந்தப் பட்டன் என்று ட்ரெயினிங்கில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.