ஈரமண்ணில் நான்கு கோடுகள்

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான மூன்றாவது வருஷம் நடந்தது இது. வில்பட்டியில் எங்களுக்கு உருளைக்கிழங்குத் தோட்டம். யுத்தம் முடிந்து ஏலத்தில் போன ஒரு பழைய பிக்கப்பை என் வீட்டுக்காரர் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரம் ஒருநாள் மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு சந்தைக்குப் போவோம். அவர் முன்னால் ஸ்டீரிங்கில். நானும் தோட்டத்தில் வேலை செய்யும் மூன்று பெண்களும் மூட்டைகளின் மேல்.

ஒரு வாரம் மலை இறங்கும்போது வண்டி தானாக இடது பக்கம் இழுத்தது. ஒரு வளைவில் சுவரை உரசிக்கொண்டுதான் நின்றது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே தரையே தெரியவில்லை. எங்களில் ஒருத்திக்கு ஐந்து மாசம். அவள் பிடித்த பிடியில் என் கை இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

வீட்டுக்காரர் வண்டியை நாயுடுபுரத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டார். அவர் ஸ்டீரிங்கைப் பிரித்து மாட்டி, காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். நேராக ஓடியது. ரோடுதான் சரியில்லை என்றார். அடுத்த வாரம் மூட்டை ஏற்றியதும் மறுபடி அதே இழுப்பு.

ஏற்றம் வந்தால் பாரம் தாங்காது என்று பெண்களை மட்டும் இறக்கி நடக்கவிடுவது எங்கள் வழக்கம். அப்படி வண்டிக்குப் பின்னால் நடந்தபோதுதான் பார்த்தேன். ஈரமண்ணில் முன் சக்கரத் தடத்தின் மேலேயே பின் சக்கரமும் போகவேண்டும், இரண்டு கோடுதான் விழவேண்டும். இங்கே நான்கு கோடு. பின் சக்கரம் நாலு விரல் விலகிப் போயிருந்தது. சந்தையிலிருந்து காலியாகத் திரும்பும்போது பார்த்தால் சமர்த்தாக இரண்டே கோடு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஸ்டீரிங் முன்னால இருக்கு. நீ பின்னால என்னத்தப் பாத்த?" என்று சிரித்தார். பட்டறையிலும் போய்ச் சொன்னேன். கிரீஸ் பட்டுவிடும், தள்ளி நில்லுங்க தங்கச்சி என்றார் மெக்கானிக். ஏதோ ஒரு சாமானை மாற்றிவிட்டு மறுபடியும் காலி வண்டியைத்தான் ஓட்டிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த இரண்டு பேரும் மூட்டை மேல் ஒருதரம் உட்கார்ந்து வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் மூட்டை ஏற்றி முடித்ததும் அந்த மூன்று பெண்களையும் ஏறவிடாமல் நிறுத்தினேன்.

"லோடோட பட்டறைக்கு விடுங்க. இல்லன்னா ஒரு பொம்பளையும் ஏற மாட்டா."

கூலியாட்கள் முன்னால் அப்படிச் சொன்னது அவருக்கு அவமானமாகிவிட்டது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓட்டினார். ஏற்றம் முழுவதும் நாங்கள் நடந்தே போனோம். பட்டறை வாசலில் தூறல் விழுந்து மண் ஈரமாக இருந்தது. வண்டியைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க என்றேன் மெக்கானிக்கிடம். அவர் குனிந்து பார்த்தார். நேராக வண்டியின் பின்பக்கம் அடியில் நுழைந்தார்.

பின் சக்கர ஸ்ப்ரிங் பட்டைகளை ஒன்றாகப் பிடிக்கிற நடு போல்ட் அறுந்து கிடந்தது. பாரம் ஏறினால் பின் சக்கரங்களின் அச்சு, அந்த ஆக்ஸில், ஒரு பக்கம் நகர்கிறது. பாரம் இறங்கினால் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. இன்னும் ஒரு தடவை மலை இறங்கியிருந்தால் எங்களை அள்ளத்தான் ஆள் வந்திருக்கும்.

வெளியே வந்த மெக்கானிக், என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல வேள, லோடோட கொண்டாந்தீங்க மொதலாளி. இந்த ரோசன எவனுக்கு வரும்?"

நான் கையெட்டும் தூரத்தில்தான் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் பிடரியைத் தடவிக்கொண்டு, "எனக்கு ரெண்டு வாரமாவே ஒரு சந்தேகம்ண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில் இந்தக் கதையைத் தான் கண்டுபிடித்ததாகவே சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர்தான், என்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை. அதற்காக எனக்குக் கோபம் குறையவும் இல்லை.

அத்தனை உயிரும் தப்பியதே போதும் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். போதாது என்று புரிய வெகுகாலமானது. இன்று வீட்டில் என் மருமகளோ பேத்தியோ ஏதாவது சொல்லும்போது யாராவது சிரித்துத் தள்ளினால், எல்லோரையும் நிறுத்திவிட்டு, அவளை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன். பட்டறை வாசலில் நான் விழுங்கிய கோபம் இப்படியாவது வெளியே வரட்டும்.