திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்த கசிவு

என் மகள் தெருவை முகர்ந்து பார்க்கும் வேலை செய்கிறாள் என்று, இத்தாலியில் நாங்கள் குடியிருக்கும் போர்கோ வெக்கியோ பகுதியில் எங்கள் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. நகரத்துக்கு எரிவாயு கொடுக்கும் நிறுவனத்துக்காக, ஓர் ஒப்பந்தக்காரரிடம் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் ஒரு கார் தெருத்தெருவாக ஓடிக் காற்றை உறிஞ்சி, எங்கே மெதேன் கூடுதலாக இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துவிட்டுப் போகும். பிறகு இவள், அடியில் ரப்பர் கிண்ணம் பொருத்திய ஒரு தடியை நிலத்தில் இழுத்தபடி நடந்து, கசிவு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்து எழுதுவாள்.

முன்பெல்லாம் வெடிக்கக்கூடிய கசிவுகளைத்தான் தேடுவார்களாம். இப்போது சின்னக் கசிவையும் விடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. காபனீரொட்சைட்டைவிட மெதேன் பல மடங்கு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் படித்தவன். இங்கே இருபத்தைந்து வருடமாக ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்கிறேன். என் மகள் நான் படித்த ஒன்றைத் தொழிலாகச் செய்கிறாள் என்பதில் எனக்கு வெளியே காட்டாத பெருமை இருந்தது. மஞ்சள் மேலங்கியோடு அவள் சந்தைக்குள் வரும்போது நான் வேண்டுமென்றே ஒரு கடை தள்ளி நின்று பார்ப்பேன்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்து ஒற்றை அறையில் வன்னியிலிருந்து வந்த ஒருவர் தனியாக இருந்தார். துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவர். என் மனைவி இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடுதான் சாப்பிடுவார். மகளைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

"பிள்ளை, எங்கடை வயித்துக் காஸையும் உந்த மெஷின் பிடிக்குமோ?"

"பிடிக்கும் மாமா. பிடிச்சா உங்கடை பேரையும் எழுதோணும்."

"எழுது, எழுது. அப்பிடியெண்டாலும் ஒரு இத்தாலிக் கடுதாசியிலை என்ரை பேர் வரட்டும்."

போன வருடம் என் மனைவி புற்றுநோயில் போய்விட்டார். ஒரு வருடம் முடிந்து அவருடைய ஆட்டைத் திவசம் ஒரு சனிக்கிழமை வந்தது. திதியை நாங்கள் மாற்ற முடியாது. அதற்கு முந்திய வியாழக்கிழமை மாலை மகள் வேலை உடுப்போடேயே மேலே வந்தாள். நான் அடுப்படியில் பயறு வறுத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, எங்கடை வாசல்லை கசிவு இருக்கு. கீழ்மாமாவின்ரை கதவுக்குப் பக்கத்திலை, தண்ணி போற பீலியடியிலை. பெரிசா காட்டேல்லை. ஆனா சுவருக்குக் கிட்ட எண்டா உடனை போன் பண்ணோணும்."

"பண்ணினா?"

"ஆக்கள் வருவினம். ஒழுங்கை முழுக்க காஸை நிப்பாட்டுவினம். கிண்டித் திருத்த மூண்டு நாலு நாள் செல்லும்."

நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தோம். கத்தானியா நகரத்திலிருந்து ஐயர் வருகிறார். திவசச் சமையல் வீட்டு அடுப்பில்தான் நடக்கவேண்டும், படைத்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். வெளியிலிருந்து சாப்பாடு எடுத்துத் தன் தாய்க்குப் படைக்க அவளுக்கும் மனம் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"நாளைக்கும் நாளையிண்டைக்கும் பொறு. திங்கக்கிழமை எழுது. அம்மாவுக்காக."

அவள் கையிலிருந்த கருவியைப் பார்த்தாள்.

நான் கீழே இறங்கிப்போய் அந்தப் பீலியடியில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. மேலே வந்து, "மணமே இல்லையே" என்றேன். குழாயில் வரும் வாயுவுக்கு மணம் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள், பழைய இரும்புக் குழாயிலிருந்து மண்ணுக்குள்ளால் ஊர்ந்து வரும்போது மண் அந்த மணத்தை வடித்துவிடும் என்று அவளே ஒருமுறை எனக்குச் சொல்லியிருந்தாள். அதை அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

"ஸ்தா பேனே, அப்பா," என்று இத்தாலியனில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். சரி என்று அதற்கு அர்த்தம். ஆனால் அவள் முகம் சரி என்று சொல்லவில்லை.

திவசம் குறையில்லாமல் நடந்தது. கீழ்வீட்டுக்காரர் வாழைக்காய் சீவித் தந்தார். தேங்காய் துருவினார். கடைசியாக இருந்து சாப்பிட்டுவிட்டுப் பாத்திரமும் கழுவினார்.

ஞாயிறு காலை ஏழு மணியளவில், ஒரு பெரிய இரும்புக் கதவை அடித்துச் சாத்தியது போலச் சத்தம் கேட்டது. எங்கள் ஜன்னல் கண்ணாடி உடையக்கூட இல்லை. நான் படியில் இறங்கியபோது அவர் வாசலில் நின்றார், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி. தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். இரவு முழுவதும் வாசல் மண்ணுக்குள்ளால் ஊர்ந்து வந்து அறைக்குள் சேர்ந்திருந்த வாயு ஒரே மூச்சில் எரிந்து போயிருக்கிறது. கைகளும் கழுத்தும் வலப்பக்க முகமும் வெந்திருந்தன. மகள் அவருக்குப் பின்னால் ஓடி அறைச் சுவரைப் பார்த்தாள். காற்றுப் போவதற்கென்று கட்டாயம் விடவேண்டிய துவாரம் பழந்துணியால் அடைத்திருந்தது. கருவாடு பொரிக்கும் மணம் வெளியே வருகிறதென்று எதிர்வீட்டார் சண்டை பிடித்ததால் அவர் எப்போதோ அடைத்தது.

அந்தத் துணியைத்தான் நான் சாக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"துவாரத்தை மூடாட்டி ஒண்டும் நடந்திராது," என்று அன்றே அவளிடம் சொன்னேன்.

"துவாரம் அவரின்ரை, அப்பா. வாசல் கசிவு என்ரை."

அவள் உடனே அலுவலகத்தில் போய்ச் சொல்லப்போவதாக எழுந்தாள். நான் கதவை மறித்தேன். அவளுடைய குடியுரிமை விண்ணப்பம் அரசாங்க அலுவலகத்தில் முடிவாகாமல் கிடந்தது. இங்கேயே பிறந்து, பதினெட்டு வயதில் கொடுக்கவேண்டியதைத் தாயின் நோயோடு தவறவிட்டு, பிறகு மூன்று வருடமாகக் காத்திருக்கிற பிள்ளை. ஒரு வழக்கு வந்தால் எல்லாம் போய்விடும். வேலையும் போய்விடும். அதைத்தான் ஒவ்வொரு மாலையும் அவளுக்குச் சொன்னேன். ஒவ்வொரு காலையும் கீழ்வீட்டுக்காரருக்குக் குழைத்த சோறு கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வாயில் தீத்திவிட்டேன். அவருடைய இரண்டு கைகளும் துணிப்பந்து போலச் சுற்றியிருந்தன. "அண்ணை, உங்களுக்கு வீண் கரைச்சல்," என்பார் ஒவ்வொரு வாய்க்கும்.

பத்தாம் நாள் விசாரிக்கும் அதிகாரி வந்தார். கீழ்வீட்டுக்காரருக்கு இத்தாலியன் போதாது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

"துவாரத்தை மூடினது நான்தான் எண்டு சொல்லுங்கோ அண்ணை. ஆரையும் பிழை சொல்லேலாது. என்ரை பிழைதான்."

நான் அதை நல்ல இத்தாலியனில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அதிகாரி எழுதினார். கீழ்வீட்டுக்காரருக்குக் கட்டுப்போட்ட கையால் கையெழுத்து வைக்க முடியவில்லை. சாட்சியாக நான் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மகளிடம் சொன்னேன். எப்படி முடிந்தது என்று அவள் கேட்டாள். சொன்னேன். பாதியிலேயே எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றாள். அடுத்த நாள் காலை, மடித்து வைத்திருந்த மஞ்சள் மேலங்கியையும் கருவியையும் எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டாள். வியாழக்கிழமை அளந்ததையும், அதைக் குறிக்காமல் விட்டதையும், ஏன் விட்டாள் என்பதையும் எழுதிக் கொடுத்தாளாம். யார் சொல்லி விட்டாள் என்பதை எழுதவில்லை.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் அவருக்குத் தீத்திக்கொண்டிருந்தேன். கட்டில் காலடியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில் தொடங்கினாள், நடுவில் சொல் வராமல் இத்தாலியனுக்குப் போனாள், திரும்பி வந்தாள். முடிந்ததும் அவர் கேட்டார்:

"அண்ணைக்குத் தெரியுமோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் தம்பி மறிச்சனான்," என்றேன்.

அவர் முகத்தின் வெந்த பக்கம் அசையாது. மற்றப் பக்கத்திலும் நான் எதையும் காணவில்லை.

"பத்து நாள் எனக்குச் சோறு தீத்தினனீங்கள்," என்றார். "நேற்று என்ரை வாயாலை என்ரை பிழை எண்டு சொல்ல, நீங்கள் அதை அவனுக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள்."

பிறகு மகளிடம், "உனக்கு வேலை போச்சோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா. போயிடும் போலை."

"சோறு ஆறுது. நீ தா, பிள்ளை." என் பக்கம் திரும்பாமலே, "நீங்கள் போட்டு வாங்கோ, அண்ணை," என்றார்.

நான் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது ஒழுங்கை முழுவதும் புதுக்குழாய் போட்டுவிட்டார்கள். வேலை நடந்தபோது, பழைய குழாயிலிருந்த வாயுவைக் காற்றில் விடாமல் பம்ப் வைத்து அடுத்த குழாய்க்குத் தள்ளினார்கள். மகள் ஜன்னலருகே நின்று, அவர்கள் ஒவ்வொன்றையும் சரியாகச் செய்கிறார்களா என்று பார்த்தாள். அவள்மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டால், காத்திருக்கச் சொல்கிறார்கள். இப்போது அவள் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்கிறாள்.

கீழ்வீட்டுக்காரருக்கு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இரண்டாம் முறை தோல் ஒட்டியிருக்கிறார்கள். நான் அதிகாலையில் சமைக்கிறேன். அவள் வேலைக்குப் போகுமுன் கொண்டுபோய்த் தீத்துகிறாள். நான் பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி அறைக் கதவுவரை போவேன், அதற்கு மேல் இல்லை. நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது.

நேற்றும் அவள் வெறும் பாத்திரத்தோடு வெளியே வந்தாள்.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை, அப்பா. சாப்பிட்டவர்."